பழனி, கொடைக்கானல், திண்டுக்கல்: கொழும்பு ஏஜென்சி விற்கிற பக்கேஜில் போகலாமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏஜென்சிகள் விற்கிற 'பழனி – கொடைக்கானல்' பக்கேஜைப் பற்றி அலுவலகத்திலும் கோயிலிலும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் இன்னும் நல்லது. ஆனால் அச்சடித்துக் கொடுக்கிற பக்கேஜை அப்படியே எடுக்காதீர்கள். நாளுக்கு நாள் என்ன செய்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்டு, சில இடங்களை வெட்டி, சில இடங்களுக்கு நேரத்தைக் கூட்டி வாங்குங்கள். எங்கே வெட்டுவது, எங்கே கூட்டுவது என்பதுதான் இதில் விஷயமே.

நாங்கள் போனது நான், அம்மா, கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாமி, மாமியின் மகன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. மாமிக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டையும் ஏஜென்சியில் முதலிலேயே சொன்னோம். "எல்லாம் பார்த்துக்கொள்வோம் மிஸ்" என்றார்கள். பார்த்துக்கொண்டதில் பாதி மதுரையில் எங்களுக்கு அமைந்த வேன் சாரதியின் நல்ல மனசால் நடந்தது. ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு வந்த குறைகள் ஒரு கடைக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை. பல இடத்து நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

கட்டுநாயக்காவில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் மதுரை. அங்கிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. தூரம் நூற்றிருபது கிலோமீற்றர் அளவில் வரும். ஒட்டன்சத்திரத்தில் பெரிய மரக்கறிச் சந்தை. அந்த வழியில் முருங்கைக்காய் கட்டுக் கட்டாக லொறியில் ஏறுவதைப் பார்த்து, வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு முருங்கைக்காய் விற்கிற விலையைச் சொல்லி மாமி பெருமூச்சு விட்டார்.

பழனியில் ஏஜென்சி எங்களுக்குச் சொல்லாமல் விட்ட முதல் விஷயம் ரோப் கார். 2004 இல் தொடங்கிய சேவை. சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறது, மூட்டு வலிக்காரருக்கு வரப்பிரசாதம். ஆனால் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், வருடத்தில் ஒரு முறை வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். காற்றுப் பலமாக அடித்தாலும் ஓடாது. எங்கள் நிரலில் 'ரோப் கார் மூலம் மலை ஏறுதல்' என்று அழகாக அச்சிட்டிருந்தது. போய் நின்றால் அன்றைக்குப் பராமரிப்பு. இதைத் தேவஸ்தானம் முன்கூட்டியே அறிவிக்கிறது. காசு வாங்குகிற ஏஜென்சி அதைப் பார்த்து நாளை மாற்றியிருக்க வேண்டும். தண்டவாளத்தில் மலை ஏறுகிற இழுவை வண்டியான வின்ச்சுக்கு வரிசை அடிவாரத்துத் தெருவரை நின்றது.

படிகள் 693. அம்மாவால் முடியாது. அப்போது சாரதி அண்ணா சொன்னதுதான் யானைப்பாதை. படிகளுக்குப் பக்கமாகச் சரிவாக ஏறுகிற பாதை, இடையிடையே மண்டபங்கள், உட்கார இடம். அம்மா மெதுவாக நடந்து, மண்டபத்துக்கு மண்டபம் இருந்து, தண்ணீர் குடித்து, முருகா முருகா என்று ஏறிவிட்டார். வின்ச் வரிசையில் நின்ற மாமியும் மகனும் எங்களுக்குப் பிறகுதான் மேலே வந்தார்கள். முழங்கால் மிகவும் மோசமாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். நடக்கக் கூடியவர்கள் தயங்காமல் யானைப்பாதையில் போகலாம்.

இன்னொன்று, மேலே கைபேசி கொண்டுபோக முடியாது. 2023 ஒக்டோபரில் இருந்து தடை. அடிவாரத்தில் சிறு கட்டணத்துக்கு வாங்கி வைத்து ரோக்கன் தருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு, எங்கே சந்திப்பது, யார் கையில் ரோக்கன் என்று முதலே பேசி வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அழைத்துக் கேட்க வழியில்லை. மலையைச் சுற்றிப் போகிற கிரிவீதியில் தனியார் வாகனம் விடுவதில்லை, பற்றரி வண்டிகள் ஓடுகின்றன. எங்கள் வேன் தூரத்தில் நிற்கும் என்பதையும் ஏஜென்சி சொல்லவில்லை.

இவ்வளவு குறையும் தண்டாயுதபாணியைப் பார்த்த அந்தக் கணத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சித்தர் போகர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து, செய்த திருமேனி என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கேஜ்காரர் ஒரு தரிசனத்துக்குத்தான் நேரம் போடுவார்கள். பழனியில் அது போதாது. பகலில் கையில் தண்டோடு ஆண்டிக்கோலத்தில் நிற்கிற அதே முருகன் சாயரட்சை என்கிற மாலைப் பூசையில் ராஜ அலங்காரத்தில் வருகிறார். இரண்டையும் பாருங்கள். மேலே போகரின் சமாதி இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். பின்னேரம் தங்கத்தேர் புறப்பாடு வரை மலையில் இருந்தோம். விளக்குப் போட்டு, தேர் மலை உச்சியைச் சுற்றி வந்தபோது, ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் நிற்கிற நினைவு வந்து அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பழனிக்குத் தைப்பூசக் காவடி எடுத்துப் பாதயாத்திரை போகிற நகரத்தார்தான் கொழும்பில் கதிரேசன் கோயில்களைக் கட்டி வேல்விழாவையும் நடத்தியவர்கள். பம்பலப்பிட்டிக்கு வேல்ரதம் போகிற வழியில் வளர்ந்த எவருக்கும் பழனி அந்நியமான ஊர் இல்லை.

அடிவாரத்தில் இருக்கிற திருவாவினன்குடியையும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் படைவீடு என்று திருமுருகாற்றுப்படை சொல்கிற தலம் அதுதான். மலைக்கோயில் கூட்டத்தைப் பார்த்த பிறகு அங்கே நிதானமாகக் கும்பிடலாம். எங்கள் நிரலில் அது இல்லவே இல்லை. வேனில் இருந்து இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு படைவீட்டை எப்படி விட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதை அறுபத்தைந்து கிலோமீற்றர் வரும். வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் காலையில் இடியப்பம் போல இலேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். வாகனத்துக்கு இணையத்தில் அனுமதி, அதாவது இ-பாஸ், எடுத்தால்தான் மேலே விடுவார்கள், 2024 மே மாதத்தில் இருந்து நடைமுறை. சாரதி முதல்நாளே எடுத்து வைத்திருந்தார். சிறிய பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலுக்கும் மலையில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து ஸ்ரீல் போத்தல் கொண்டுபோங்கள்.

கொடைக்கானலில் ஏஜென்சி தருகிற பட்டியல் நீளமானது. பன்னிரண்டு இடம், ஒரே நாள். இதில்தான் நான் மிகவும் கோபப்பட்டேன். தூண் பாறை நல்ல இடம். நானூறு அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற பாறைகள், முகில் விலகினால் பார்க்கலாம், விலகாவிட்டால் வெள்ளைத் திரைதான். கோக்கர்ஸ் வோக் ஒரு கிலோமீற்றர் நடை, காலையில் நன்றாக இருக்கும். சூரிய ஆய்வுக்கூடத்தை மாமியின் மகன் விரும்பிப் பார்த்தான். 1909 இல் ஜோன் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863 இல் அமைத்த ஏரியைச் சுற்றி வரலாம், படகில் போகலாம். ஆனால் நுவரெலியாவில் கிரகறி வாவியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதே குளிர், அதே படகு, அதே குதிரைச் சவாரிக்கு அரை நாள் செலவழிக்கத் தேவையில்லை. சொக்லேட் கடை, யூக்கலிப்டஸ் தைலக் கடை என்று நிறுத்துகிற நேரத்தையும் வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டிய நேரம் முழுவதையும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கொடுங்கள்.

எங்கள் நிரலில் இந்தக் கோயிலுக்குப் பதினைந்து நிமிடம் போட்டிருந்தது. 'வியூ பொயின்ற்' என்ற தலைப்புக்குக் கீழே! கொழும்பில் இருந்து கொழும்புத் தமிழரைக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஏஜென்சி, இந்தக் கோயிலை யார் கட்டியது என்று ஒரு வரி சொல்லவில்லை. 1936 இல் இதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. வெள்ளைக்காரப் பெண்ணாகப் பிறந்து, சைவத்துக்கு வந்து, பெயரை மாற்றி, இராமநாதனை மணந்து, அவர் 1930 இல் காலமான பிறகு இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் வெள்ளிக்கிழமை கும்பிடுகிற எங்கள் குடும்பத்துக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. இராமநாதனின் தந்தை தொடங்கிய அந்தக் கோயிலைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர் இராமநாதன். சுன்னாகத்துப் பக்கம் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913 இல் தொடங்கியது, என் அம்மாவின் தமக்கை படித்த பள்ளிக்கூடம். அந்த வீட்டு அம்மையார் கட்டிய கோயில் வாசலில் பதினைந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டுப் போவதா?

அம்மா திரும்பி வேனில் ஏற மறுத்துவிட்டார். "தம்பி, நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கோ, நான் இருக்கப் போறன்" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரும் ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

கோயில் சின்னது. கர்ப்பக்கிருகத்தில் குறிஞ்சி ஆண்டவர், நெருங்கி நின்று முகம் பார்க்கலாம், பழனியில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைக்கிறது. கொழும்பில் இருந்து வருகிறோம் என்றதும் ஐயர், "உங்க ஊர் அம்மா கட்டின கோயில்தானே, நல்லா பாத்துட்டுப் போங்க" என்றார். அம்மா கொச்சிக்கடைக் கோயிலைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஐயர் கேட்டுக்கொண்டு நின்றார். பழனித் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில்தான் இப்போது இந்தக் கோயில் இருக்கிறது. பின்பக்கம் போனால் மலை அப்படியே சரிந்து இறங்குகிறது. தெளிவான நாளில் பழனி தெரியும். நாங்கள் போன நேரம் முகில். முகிலுக்கு நடுவே ஒரு துண்டுச் சமவெளி தெரிந்து மறைந்தது, எங்களோடு நின்ற திண்டுக்கல் குடும்பம் பழனி மலையைக் கை நீட்டிக் காட்டியது. எனக்குத் தெரிந்ததாக நான் சொல்லமாட்டேன், மாமி தெரிந்தது என்றார், கும்பிட்டார்.

இந்தப் பக்கத்தில்தான் குறிஞ்சிச் செடிகள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூப்பவை. 2006 இல் பூத்தன, 2018 இல் பூத்தன, அடுத்தது 2030. பூக்காத வருடத்தில் அது மலைச்சரிவில் நிற்கிற சாதாரணப் பச்சைப் பற்றைதான். குறிஞ்சி பார்க்கலாம் என்று பக்கேஜில் எழுதியிருந்தால், எந்த வருடம் என்று கேளுங்கள்.

ஒரு நாள் கூட்டித் தங்கினால் பூம்பாறைக்குப் போங்கள். கொடைக்கானலில் இருந்து பதினெட்டு இருபது கிலோமீற்றர். படிப்படியாக வெட்டிய வயல், அதற்கு நடுவே வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஊர். குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அந்த மூர்த்தியையும் போகர்தான் செய்தார் என்பது தலபுராணம். தெரு சரிவு என்பதால் தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டி இழுப்பார்களாம், கடைக்காரர் சொன்னார். மலைப்பூண்டு இந்த ஊர்ப் பக்கத்தில் விளைவது, புவிசார் குறியீடு பெற்றது. பல் சின்னது, வாசம் கடுமை. வயலோரத்தில் ஒரு அம்மா பூண்டைத் தாளோடு பின்னிக்கொண்டிருந்தார். ஈரம் காயாத தாள்களை மூன்று பிரியாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூண்டைச் சேர்த்து, மடியில் வைத்து இறுக்கினார். கட்டி முடித்த சரத்தை வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை பட்டுப் பழுதாகாமல் இருக்கும் என்றார். பன்னிரண்டு இடப் பட்டியலில் இருந்த எதுவும் எனக்கு இவ்வளவு நினைவில் நிற்கவில்லை.

கடைசி நாளைத் திண்டுக்கல் நகரத்துக்கு வைத்தது நல்ல ஒழுங்கு. இதற்கு ஏஜென்சியைப் பாராட்டுகிறேன். பழனிக்கு விரதமாகப் போகிறவர்கள் முதலே திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட முடியாது. தரிசனம் எல்லாம் முடித்து இறங்கி வந்த பிறகு மனசு நிறையச் சாப்பிடலாம். நம்முடைய கொழும்புப் புரியாணி பாஸ்மதியில், மேலே பெரிய கோழித்துண்டும் அவித்த முட்டையும் புதினாச் சம்பலும் வைத்து வருவது. திண்டுக்கல்லில் சீரகச் சம்பா. அரிசி சின்னது, மணி மணியாக, மிளகின் காரம் தொண்டையில் நிற்கும், ஆட்டிறைச்சியின் கொழுப்பு அரிசிக்குள் இறங்கியிருக்கும். அளவு குறைவாகத் தெரியும், ஆனால் சீரகச் சம்பா வயிற்றை நிரப்பிவிடும். பெரிய பெயர்ப் பலகைக் கடைக்குப் போக வேண்டியதில்லை, மத்தியானம் பன்னிரண்டரைக்கு உள்ளூர்க்காரர் நிற்கிற எந்தக் கடையிலும் தைரியமாக உட்காருங்கள். இரண்டு மணிக்குப் போனால் முடிந்திருக்கும்.

மலைக்கோட்டை ஊருக்கு நடுவே நிற்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பு, நுழைவுச்சீட்டு உண்டு. 1605 இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு, அப்புறம் கம்பனிக்காரர் கையில். 1772 இல் கணவரை இழந்த சிவகங்கை இராணி வேலு நாச்சியார் ஹைதர் அலியின் ஆதரவில் திண்டுக்கல், விருப்பாச்சிப் பக்கத்தில்தான் தங்கிப் படை திரட்டினார். பாறையில் வெட்டிய படிகளில் நிழலே கிடையாது. காலை ஏழு எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும், வெறும் தண்ணீர் தாராளமாகக் கொண்டுபோங்கள். எங்களை ஏஜென்சி நிரல்படி பதினொரு மணிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவும் மாமியும் கீழே இருந்துவிட்டார்கள், நானும் மாமியின் மகனும் மட்டும் ஏறினோம். மேலே பழைய கோயில், மூலவர் இல்லாத கருவறை. அபிராமி அம்மன் இப்போது ஊருக்குள்ளே இருக்கிற கோயிலில். கல் மண்டபத்துத் தூண்களைத் தொட்டுக்கொண்டு, நாலு பக்கமும் ஊரும் சிறுமலைத் தொடரும் தெரிய, சரியான காற்று. ஏறியது வீண் இல்லை.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு ஊரில் இருந்து பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. தாயார் சன்னிதிக்கு முன்னால் இருக்கிற மண்டபத்துத் தூண்களுக்காகவே போக வேண்டும். உலகளந்த பெருமாள், இரணிய வதம், ஊர்த்துவ தாண்டவம், ரதி, மன்மதன். ஒவ்வொன்றும் ஆளைவிடப் பெரியது, தூணோடு ஒரே கல். இரணியனின் குடலை நரசிம்மர் இழுக்கிற இடத்தில் கல் விரலுக்கும் கல் குடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவு குடைந்திருக்கிறார்கள். பெருமாள் கோயிலில் ஊர்த்துவ தாண்டவமும் நிற்கிறதே என்று மாமி மகிழ்ந்துபோனார். இதுவும் எங்கள் நிரலில் இல்லை. சாரதி அண்ணாவிடம் கேட்டு, டீசலுக்கு மேலதிகமாகக் கொடுத்துப் போனோம்.

சிறுமலைக்கு நேரம் கிடைக்கவில்லை. திண்டுக்கல் பூட்டு வாங்க விரும்புகிறவர்கள் கையால் செய்கிற பட்டறைப் பூட்டைக் கேட்டு வாங்குங்கள். மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வடிவம் உண்டு, பாரம் கையில் தெரியும்.

பக்கேஜின் கணக்கைச் சொல்கிறேன். ஆளுக்கு என்று சொன்ன தொகையில் விமான ரிக்கற், அறை, வேன், காலைச் சாப்பாடு அடக்கம். வீசாக் கட்டணம், மத்தியானம் இரவுச் சாப்பாடு, சிறப்புத் தரிசனச் சீட்டு, சாரதிக்குக் கொடுப்பது எல்லாம் வெளியே. பழனி அறை சுத்தம், மின்தூக்கி இருந்தது. கொடைக்கானல் அறையில் வெந்நீர் காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும். வயதானவர்களுக்கு இது சரிவராது, முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், விமான ரிக்கற்றை மட்டும் கொழும்பில் எடுத்து, மதுரையில் வேனை நேரே பேசிக்கொள்வது எங்கள் கணக்கில் மலிவாக வந்திருக்கும், நேரமும் நம் கையில் இருந்திருக்கும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு ஏஜென்சி வசதிதான். அவர்களும் மூன்று விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளட்டும்: ரோப் கார் ஓடுகிற நாளில் பழனி, குறிஞ்சி ஆண்டவரில் குறைந்தது இரண்டு மணித்தியாலம், மலைக்கோட்டை விடிகாலையில்.

தைப்பூசம், பங்குனி உத்தரம் நாட்களில் பழனியில் மூதாட்டிகளோடு அசைய முடியாது. மே மாதம் கொடைக்கானல் மலர்க் கண்காட்சிக் கூட்டம், மலைப்பாதை முழுக்க வாகனம். தை பிறந்து பூசக் கூட்டம் கலைந்த பிறகு போனால் மலையில் குளிர் இருக்கும், முகில் குறைவு.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில் மூடி இறுக்கிய டப்பாவாக வாங்குங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே பொலித்தீனில் சுற்றி வையுங்கள். விருப்பாச்சி வாழைப்பழம், பூண்டுச் சரம், செடி விதை எதையும் கொண்டுவர ஆசைப்படாதீர்கள், முன் அனுமதி இல்லாமல் கட்டுநாயக்காவில் விடமாட்டார்கள். பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.